காரைத் தூக்கும்போது வரும் தகராறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

டயர் மாற்ற, பிரேக் பேடு பார்க்க, ஆயில் இறக்க என்று வீட்டிலேயே காரில் கை வைக்கிறவர்கள் நிறையப் பேர். வேலையைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் தொடங்குவார்கள். ஆனால் அதற்கு முன்னால் காரைத் தூக்குகிற சில நிமிடங்களை யாரும் தனி வேலையாக எண்ணுவதில்லை. ஆபத்து இருப்பது அங்கேதான். சாதாரணக் குடும்பக் கார் 1,000 முதல் 1,500 கிலோ வரை இருக்கும். அதில் கால்வாசி ஒரு மூலையில் இறங்கினாலும் நெஞ்சுக்கூடு தாங்காது.

பிரச்சினை வருவதற்கு முன் பல நேரம் ஓர் அறிகுறி தெரியும். ஜாக்கி லேசாகச் சாயும், சக்கரம் ஓர் அங்குலம் உருளும், எங்கோ ‘டொக்’ என்று சத்தம் வரும். அப்படி எது தெரிந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: காரை மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். தூக்கிய நிலையிலேயே ஜாக்கியைத் தட்டி நேராக்குவது, காலால் நகர்த்துவது, கையால் பிடித்துக்கொள்வது, இவை எல்லாம் வேண்டாம். இறக்கி, காரணத்தைக் கண்டுபிடித்து, மறுபடி தூக்குங்கள். கீழே எந்த அறிகுறிக்கு என்ன செய்யச் சொன்னாலும் இறக்கிய பிறகு செய்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கக் கூடாத இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் முதலிலேயே. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் (தூக்கிய காருக்கு அடியில் நிறுத்தும் இரும்புத் தாங்கி) தாங்குவதற்கு. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலை மட்டுமல்ல, கைகூடப் போகக் கூடாது. டயர் மாற்றுவது மட்டும்தான் ஜாக்கியிலேயே செய்யக்கூடிய வேலை, அதுவும் உடம்பு முழுக்க வெளியே இருக்கும்போது.

சரியான நிலை எது என்று தெரிந்தால்தான் தவறு கண்ணில் படும். சமமான, கெட்டியான கான்கிரீட் தரை. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது. கியர் வண்டியென்றால் முதல் கியரிலோ ரிவர்ஸிலோ, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் இருக்கிறது. தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்திருக்கிறது. உள்ளே ஆள் இல்லை, டிக்கியில் பாரம் இல்லை. சக்கரம் கழற்றுவதாக இருந்தால், டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தியாயிற்று. இனி அறிகுறிகளுக்கு வரலாம்.

அறிகுறி: தூக்க ஆரம்பித்ததும் கார் முன்னாலோ பின்னாலோ நகர்கிறது

இதைவிட மோசமான அறிகுறி இல்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் பிரேக் பழுதல்ல. பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது என்பதை யோசிக்காததுதான்.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். கியரும் பார்க்கும் இன்ஜின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ அவற்றை மட்டுமே பிடிக்கும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்சக்கர இழுவை கொண்ட காரின் முன்பக்கத்தைத் தூக்கினால் கியர் பிடித்திருக்கும் சக்கரங்கள் காற்றில் இருக்கின்றன. காரைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். அதே காரின் பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பயனில்லை. கியர் மட்டும்தான் பிடித்திருக்கிறது. பின்சக்கர இழுவை கொண்ட காரின் பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கும் கியரும் இரண்டுமே காற்றில் தொங்கும் சக்கரங்களோடு போய்விட்டன. அந்தக் காரை எதுவும் பிடித்திருக்கவில்லை. தரை லேசாகச் சரிந்திருந்தால் போதும், உருண்டு ஜாக்கியை விட்டு இறங்கிவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், ஒரே ஒரு சக்கரத்தைத் தூக்கும்போதும் இது நடக்கும். இன்ஜின் சுழற்றும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு, இருக்கிறது. ஒரு சக்கரம் காற்றில் இருந்தால் அது ஒரு திசையில் சும்மா சுழல, தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் எதிர்த்திசையில் உருள முடியும். பார்க்கில் போட்டிருந்தாலும் சரி, முதல் கியரில் இருந்தாலும் சரி. “பார்க்கில்தானே இருக்கிறது” என்ற நம்பிக்கை உடைவது இங்கேதான்.

செய்ய வேண்டியது: முட்டுக்கட்டை. முன்பக்கம் தூக்கினால் இரண்டு பின்சக்கரங்களுக்கும், பின்பக்கம் தூக்கினால் இரண்டு முன்சக்கரங்களுக்கும், முன்னும் பின்னும் வையுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கினால் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்துக்குக் கட்டாயம் வேண்டும். கட்டை டயரோடு ஒட்டி இறுகியிருக்க வேண்டும், இடைவெளி விட்டு வைத்தால் அந்த இடைவெளி தூரம் கார் நகரும். கைக்குக் கிடைத்த உருண்டைக் கல் உதவாது. டயர் அதன் மேல் ஏறிவிடும், அல்லது கல்லே உருளும். ஆப்பு வடிவத்தில் அறுத்த கெட்டி மரம், இல்லையென்றால் கடையில் விற்கும் ரப்பர் கட்டை நல்லது.

கட்டை எல்லாம் வைத்தும் நகர்ந்தால் தரை சரிவு. வேறு இடம் பாருங்கள். சரிவில் தூக்குவதற்கு நல்ல வழி என்று ஒன்று கிடையாது.

அறிகுறி: ஜாக்கி சாய்கிறது, அல்லது அதன் தலை காரடியில் வழுக்குகிறது

எந்த ஜாக்கி என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

டிராலி ஜாக்கி என்பது சக்கரத்தில் உருளும், எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஜாக்கி. அதன் கை நேராக மேலே போவதில்லை, ஒரு வில்லாக வளைந்து ஏறும். அதனால் ஏறும்போது தலை கிடைமட்டத்திலும் கொஞ்சம் நகரும். அந்த நகர்வை ஈடுகட்டத்தான் அதற்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள்: கார் நின்ற இடத்தில் நிற்கும், ஜாக்கி உருண்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஜாக்கியின் சின்ன இரும்புச் சக்கரம் ஒரு ஜல்லியிலோ தரை வெடிப்பிலோ சிக்கினால் என்ன ஆகும்? ஜாக்கி உருள முடியாது. தலைதான் காரடியில் இழுபட்டு வழுக்கும். ஆகவே தூக்குவதற்கு முன் ஜாக்கியின் கீழேயும் அது உருளப்போகும் பாதையிலும் பெருக்கிவிடுங்கள். பம்ப் அடிக்கும்போது ஜாக்கி உருள்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். உருள்வதுதான் சரி. அதைப் பார்த்துப் பயந்து ஜாக்கியின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடாதீர்கள்.

கத்தரி ஜாக்கிக்கும் (திருகைச் சுற்றித் தூக்குவது) பாட்டில் ஜாக்கிக்கும் (எண்ணெய் அழுத்தத்தில் தண்டு நேராக ஏறுவது) சக்கரம் இல்லை. கார் ஒரு பக்கம் எழும்பும்போது மறுபக்கச் சக்கரங்களை அச்சாகக் கொண்டு லேசாகத் திரும்பும், ஜாக்கியின் தலையையும் தன்னோடு இழுக்கும். அடிப்பாகம் தரையில் சமமாகப் படாமல் ஆரம்பித்திருந்தால் அந்தச் சிறு இழுப்பே அதைச் சாய்த்துவிடும். தலை கார்ச் சட்டத்தைத் தொடும் வரை கையாலேயே சுற்றி, அந்த நிலையில் எழுந்து போய் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். இரண்டு பக்கமிருந்தும் நேர்செங்குத்தாகத் தெரிந்தால் மட்டும் மேலே போகலாம். டயர் தரையை விடும் நேரத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

இரும்பில் இரும்பு வழுக்கும். டிராலி ஜாக்கியின் தலையிலுள்ள கிண்ணத்தில் ரப்பர் பேடு இல்லையென்றால் ஒன்று வாங்கிப் போடுவது வீண் செலவல்ல. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடையுங்கள்.

அறிகுறி: ஜாக்கியோ ஸ்டாண்டோ தரையில் புதைகிறது

மண், புல்தரை, சரளை, மணல் எதிலும் இது நடக்கும். தார்த் தரையிலும் நடக்கும், அதுவும் வெயிலில். காலையில் கெட்டியாக இருந்த தார் மதியம் இளகி, ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் உள்ளே இறங்கும். நீங்கள் காருக்கு அடியில் இருக்கும்போது இது மெதுவாக, சத்தமில்லாமல் நடக்கும்.

அடியில் 18 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் கனமுள்ள பிளைவுட் வையுங்கள். ஸ்டாண்டின் எல்லாக் கால்களும் அதன் மேல் நிற்கிற அளவுக்கு அகலம் வேண்டும், சுற்றிலும் ஒரு சாண் மிச்சம் இருந்தால் நல்லது. டிராலி ஜாக்கிக்கு என்றால் பலகை நீளமாகவும் இருக்க வேண்டும். அது உருள வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். ஈரமான மண்ணில் பலகை போட்டாலும் தூக்காதீர்கள்.

அறிகுறி: தகடு நசுங்குகிறது, ‘கிர்க்’ என்று சத்தம் வருகிறது

தவறான இடத்தில் தூக்குகிறீர்கள். காரின் அடித்தகடு பார்க்கக் கெட்டியாகத்தான் தெரியும், ஆனால் பெரும்பகுதி மெல்லிய தகடு. ஆயில் சம்ப், கியர்பாக்ஸ் அடி, சைலன்சர் குழாய், பிளாஸ்டிக் மூடிகள், பிரேக் குழாய் ஓடும் இடம், இவற்றில் எதிலும் ஜாக்கி படக் கூடாது.

கதவுகளுக்குக் கீழே, கார் நீளத்துக்கு ஒரு தகட்டு மடிப்பு கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு போகும். பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்த மடிப்பில் இரண்டு சிறிய வெட்டுகள் இருக்கும். அந்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவில்தான் கத்தரி ஜாக்கியின் பள்ளம் பொருந்த வேண்டும். அங்கே உள்ளே கூடுதல் தகடு கொடுத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். டிராலி ஜாக்கியின் தட்டையான கிண்ணத்தை நேராக மடிப்பில் வைத்தால் மடிப்பு வளைந்துவிடும், பிறகு அது என்றைக்கும் நேராக நிற்காது. நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை கிடைக்கிறது. மடிப்பு அந்தப் பள்ளத்தில் இறங்க, பாரம் இரண்டு ஓரத்திலும் பரவும்.

முன்பக்கம் முழுவதையும் ஒரே தடவையில் தூக்க வேண்டுமென்றால் இன்ஜினுக்குக் கீழே போகும் குறுக்குச் சட்டத்தின் நடு இடம் பல கார்களில் பொருந்தும். எல்லாக் கார்களிலும் அல்ல. காரோடு வந்த கையேட்டில் தூக்குமிடங்கள் படமாகப் போட்டிருக்கும். ஐந்து நிமிடம் அதைப் பாருங்கள், ஊகிக்க வேண்டாம்.

பழைய காராக இருந்து, மடிப்பைச் சுற்றித் துரு கொப்புளித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். பொரபொரவென்று உதிர்ந்தால் அந்த இடம் இனி எடை தாங்காது. கையேடு என்ன சொன்னாலும் சரி.

அறிகுறி: பம்ப் அடித்துக்கொண்டே இருக்கிறேன், கார் ஏறவில்லை

இது எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஜாக்கிகளில் வருவது. முதலில், காரை இறக்கத் திறக்கும் வால்வைப் பாருங்கள். பல நேரம் இதுதான் காரணமாக இருக்கும். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பி மூட வேண்டும். கைக்கு இறுக்கமாக இருந்தால் போதும், கம்பி போட்டு முறுக்கினால் வால்வின் இருக்கை கெட்டுவிடும்.

வால்வு மூடியிருந்தும் கைப்பிடி பஞ்சு போல அமுங்கினால் எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. படுக்கப்போட்டு வைத்த பாட்டில் ஜாக்கியில் இது அடிக்கடி வரும். பாரம் எதுவும் இல்லாமல் வால்வைத் திறந்து, கைப்பிடியை ஒரு பத்துப் பதினைந்து தடவை முழு அளவுக்கு அடியுங்கள். வால்வை மூடி, தலை ஏறுகிறதா என்று பாருங்கள். சரியாகவில்லை என்றால் ஒருமுறை திரும்பவும்.

அதற்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் குறைந்திருக்கும். தலையை முழுக்க இறக்கிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். தூக்கிய நிலையில் ஊற்றினால் இறக்கும்போது எண்ணெய் இடமில்லாமல் பீச்சியடிக்கும். ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றவே கூடாது, அது ஜாக்கியின் ரப்பர் சீல்களை ஊதவைத்து அரித்துவிடும்.

கொஞ்ச தூரம் ஏறி அதற்கு மேல் போகாமல் நிற்கிறதா? பாரம் ஜாக்கியின் அளவுக்கு மேல் இருக்கலாம். நல்ல ஜாக்கிகளில் அளவு மீறினால் எண்ணெயைத் திருப்பிவிடும் பாதுகாப்பு வால்வு இருக்கும். அதைத் திருகி ‘சரிசெய்து’ கூடுதல் பாரம் தூக்கச் சிலர் முயல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பெரிய ஜாக்கி வாங்குங்கள்.

அறிகுறி: தூக்கிய கார் தானாக மெதுவாக இறங்குகிறது

பம்ப் நிறுத்தியதும் சில மில்லிமீட்டர் இறங்கி நின்றுவிட்டால் அது சாதாரணம். நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் வால்வில் தூசி, அல்லது சீல் தேய்ந்திருக்கிறது. தலைத்தண்டில் எண்ணெய் கசிந்திருந்தால் சீல்தான். சீல் மாற்றும் கிட் கிடைத்தால் மாற்றலாம், இல்லையென்றால் அந்த ஜாக்கியை ஒதுக்குங்கள்.

ஆனால் ஒன்று. நல்ல ஜாக்கியும் ஒரு நாள் இப்படித்தான் ஆகும், எப்போது என்று சொல்லாமல் ஆகும். காருக்கும் தரைக்கும் நடுவில் ஒரே ஒரு ரப்பர் வளையம்தான் அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்டாண்ட் போடச் சொல்வது இதனால்தான்.

அறிகுறி: கத்தரி ஜாக்கி சுற்ற முடியாமல் இறுகுகிறது

கத்தரி ஜாக்கி மிகவும் தாழ்ந்திருக்கும்போதுதான் திருகில் விழும் இழுப்பு அதிகம். அதனால் ஆரம்பத்தில் கனமாக இருந்து, உயர உயர இலகுவானால் கவலையில்லை. போகப்போக இறுகினால் மரையில் மண்ணோ துருவோ சேர்ந்திருக்கிறது. இறக்கி, கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, முழு நீளத்துக்கும் கிரீஸ் தடவுங்கள். டிக்கியில் வருடக்கணக்கில் கிடந்த ஜாக்கிக்குத் தேவைப்படும் முன்பே இதைச் செய்து வைப்பது நல்லது. மரை தேய்ந்து பல்லெல்லாம் கூராகத் தெரிந்தால், அல்லது கைகள் வளைந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். கைப்பிடியை நீட்ட நீளக் குழாய் மாட்டிச் சுற்றுவது வேண்டாம், அது இறுக்கத்தைத் தீர்க்காது, திருகை முறித்துவிடும்.

அறிகுறி: ஜாக்கி முழு உயரம் போய்விட்டது, டயர் இன்னும் தரையில்

காரின் உடம்பு எழும்பும்போது சக்கரம் உடனே கூட எழும்பாது. சஸ்பென்ஷன் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த விரிவு முடிந்த பிறகுதான் டயர் தரையை விடும். உயரமான வண்டிகளில் இந்தத் தூரம் நிறைய.

இந்த இடத்தில்தான் ஜாக்கிக்கு அடியில் செங்கல் அடுக்கத் தோன்றும். செங்கல், ஹாலோ பிளாக், கற்பலகை எதுவும் கூடாது. அவை பரவலான பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்தவை. ஒரு முனையில் குவியும் எடையில் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். இரும்பு வளைவதைப் போல மெதுவாக வளைந்து காட்டாது. ஜாக்கியின் அடிப்பாகம் முழுக்க உட்காரும் அகலத்தில், ஒரே துண்டான கெட்டி மரம் வைக்கலாம். அதற்கு மேல் உயரம் தேவையென்றால் உயரமான ஜாக்கிதான் தீர்வு.

இதற்கு நேர்மாறாக, பஞ்சரான டயரால் கார் தாழ்ந்து ஜாக்கி உள்ளேயே நுழையவில்லை என்றால், அந்தச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு தடித்த பலகையைப் போட்டு, காரை மெதுவாக நகர்த்தி அதன் மேல் ஏற்றுங்கள். இரண்டு அங்குலம் கிடைத்தாலே ஜாக்கி நுழையும்.

அறிகுறி: ஸ்டாண்டில் இறக்கியதும் ஒரு கால் தரையில் படவில்லை, அல்லது ஸ்டாண்ட் ‘டக்’ என்று இறங்குகிறது

இதில் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் இருக்கின்றன.

ஒரு கால் எழும்பி நிற்கிறது என்றால் எடை நடுவில் இறங்கவில்லை. ஸ்டாண்டின் தலை சட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அல்லது மறுபக்கத்து ஸ்டாண்ட் ஒரு பல் (உயரத்தை மாற்றத் தண்டில் வெட்டியிருக்கும் படி) உயரமாக இருக்கும். காரை மறுபடி ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டை நகர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே பல் எண்ணிக்கையில் வையுங்கள். காரை ஸ்டாண்டில் இறக்கும்போது வால்வை மிக மெல்லத் திறக்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் ஸ்டாண்ட் தட்டி நகர்ந்துவிடும்.

‘டக்’ என்று இறங்கினால் கொண்டி (பல்லில் மாட்டித் தண்டை நிறுத்தும் இரும்பு நாக்கு) பல்லில் முழுதாக உட்காரவில்லை. பல்லுள்ள ஸ்டாண்டுகளில் எடையைத் தாங்குவது இந்தக் கொண்டிதான். நுனி மட்டும் பல்லில் மாட்டியிருந்தால் பார்வைக்குப் பூட்டியது போலவே தெரியும், பாரம் லேசாக அசைந்தால் கழன்றுவிடும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் விற்கப்பட்ட 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகளை 2020-இல் திரும்பப் பெற்றார்கள். பல்லும் கொண்டியும் போதிய ஆழத்துக்குக் கவ்வாமல், பாரம் அசையும்போது ஸ்டாண்ட் சட்டென்று இறங்கிவிடலாம் என்பதுதான் காரணம். அதே ஆண்டு, அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்த சில ஸ்டாண்டுகளும் வெல்டிங் குறையால் திரும்பப் பெறப்பட்டன. புதியது, பெட்டியில் வந்தது என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது.

ஆகவே ஒவ்வொரு முறையும் கார் ஏறுவதற்கு முன்பே பாருங்கள்: கைப்பிடியைக் கீழே அழுத்தி, கொண்டி பல்லின் அடிவரை போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தலையைக் கையால் கீழே அழுத்தி ஆட்டுங்கள். வெல்டிங் ஓரங்களில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பல்லுக்குக் கூடுதலாகக் குறுக்கே பின் செருகும் வகை ஸ்டாண்ட் கிடைக்கிறது. வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள். கொண்டி நழுவினாலும் பின் பிடித்துக்கொள்ளும்.

லேபிளில் இருக்கும் டன் அளவு ஒரு ஸ்டாண்டுக்கா, ஒரு ஜோடிக்கா என்பதையும் படியுங்கள். ஜோடிக்கு 3 டன் என்று போட்டிருந்தால் ஒன்றுக்கு ஒன்றரை டன்தான்.

அறிகுறி: ஸ்டாண்டில் நிற்கும் கார் ஆடுகிறது

ஸ்டாண்டில் நிறுத்தியதும், அடியில் போவதற்கு முன், காரைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் இரண்டு கையாலும் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். பிறகு முன்னும் பின்னும். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். சஸ்பென்ஷன் மேல் நிற்கும் பக்கம் லேசாகக் குலுங்கும், அது பரவாயில்லை. ஸ்டாண்டுகள் அசையக் கூடாது, கால்கள் தரையிலிருந்து எழும்பக் கூடாது.

ஆடினால் அநேகமாகத் தரை, அல்லது ஸ்டாண்டுகளுக்கு இடையே உள்ள தூரம். முடிந்தவரை அகலமாக வையுங்கள். மூன்று காலுள்ள ஸ்டாண்டைவிட நான்கு கால் உறுதி.

நான்கு சக்கரத்தையும் தூக்கி நான்கு ஸ்டாண்டில் நிறுத்தும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒரு முனை ஏற்கெனவே ஸ்டாண்டில் இருக்க, மறுமுனையைத் தூக்கினால் கார் சாயும் கோணம் மாறும், முதல் இரண்டு ஸ்டாண்டுகளும் லேசாகச் சாயும். ஒரே மூச்சில் தூக்காமல் முதலில் குறைந்த உயரத்தில் இரண்டு முனையும் வைத்து, பிறகு மாறி மாறி ஒவ்வொரு பல்லாக உயர்த்துங்கள். நான்கும் காற்றில் இருந்தால் முட்டுக்கட்டையும் பிரேக்கும் எதையும் பிடிக்காது. அந்தக் காரில் பலம் கொடுத்து நட்டு முறுக்குவது கூடாது. கியர்பாக்ஸ், இன்ஜின் போன்ற கனமான பாகத்தைக் கழற்றினாலும் எடையின் நடுப்புள்ளி மறுமுனைக்கு நகரும், கார் அந்தப் பக்கம் கவிழப் பார்க்கும். கழற்றுவதற்கு முன்பே மறுமுனைக்கும் தாங்கல் கொடுத்திருக்க வேண்டும்.

கழற்றிய சக்கரத்தைச் சும்மா சுவரில் சாய்க்காமல், படுக்கவைத்துக் கதவுக்கு அடியில் தள்ளிவையுங்கள். கார் இறங்கினாலும் தரை வரை வராது. ஜாக்கியையும் எடுத்துவிடாமல், சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இன்னொரு தாங்கலாக அங்கேயே விடலாம்.

அறிகுறி: நட்டுகளைக் கழற்றியாயிற்று, சக்கரம் வரவில்லை

ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தில், துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் பொறுமை இழந்து சக்கரத்தை உதைப்பவர்கள்தான் காரை ஜாக்கியிலிருந்து தள்ளுகிறார்கள். நட்டுகளை மறுபடி இரண்டு மூன்று சுற்று மாட்டுங்கள், இறுக்காமல். காரைத் தரைக்கு இறக்கி, காரின் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ‘டக்’ என்று விட்டுவிடும். விடவில்லை என்றால் ஹப்பின் நடுவில் துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள், பிரேக் டிஸ்க்கில் படாமல்.

அறிகுறி: தூக்கியிருக்கும்போது கதவு சரியாக மூடவில்லை

ஒரு மூலையில் மட்டும் தூக்கினால் காரின் உடம்பு சற்று முறுக்கிக்கொள்ளும், கதவு இடிக்கும். இறக்கினால் சரியாகிவிடும். அறைந்து மூட வேண்டாம். தூக்கிய காரில் கதவை அறைவதே தவறு. தேவையானதைத் தூக்குவதற்கு முன்பே வெளியே எடுத்துவையுங்கள், சாவி உட்பட.

அறிகுறி: கார் தானாகவே ஏதோ செய்கிறது

ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை) உள்ள கார் தூக்கப்படுவதை ஏற்றத்தாழ்வாக எண்ணிக்கொண்டு தன் உயரத்தை மாற்றப் பார்க்கும். தூக்கும் நிலைக்கான அமைப்பு பல கார்களில் மெனுவில் இருக்கும், அதைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஹைபிரிட் காரில் இன்ஜின் நின்றிருந்தாலும் கார் இயங்கும் நிலையில் இருக்கலாம், சட்டென்று இன்ஜின் ஓட ஆரம்பிக்கும். முழுக்க அணைத்து, சாவியைத் தூரமாக வையுங்கள்.

மின்சாரக் கார்களில் அடிப்பகுதி பெரும்பாலும் பேட்டரிதான். குறித்துள்ள தூக்குமிடங்களைத் தவிர வேறெங்கும் ஜாக்கி வைக்காதீர்கள். சிலவற்றில் ஒரு துளையில் செருகும் தனிப் பேடு தேவைப்படும். பேட்டரிப் பெட்டியில் ஜாக்கி அழுத்திப் பள்ளம் விழுந்திருந்தால் காரை ஓட்டாமல் பணிமனையில் காட்டுங்கள்.

அறிகுறி: கார் ஜாக்கியை விட்டு நழுவிவிட்டது

அடியில் யாரும் இல்லையென்றால் அவசரமில்லை. கார் நகராதபடி தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். நழுவிய ஜாக்கியை இழுத்து எடுக்காதீர்கள், காரின் எடை அதில் மாட்டியிருக்கலாம். இரண்டாவது ஜாக்கியை வேறொரு பலமான இடத்தில் வைத்துத் தூக்கி, பிறகு முதலாவதை எடுங்கள்.

ஒருவர் அடியில் சிக்கியிருந்தால் அவசர உதவி எண்ணை உடனே ஒருவர் அழைக்கட்டும். மற்றவர் ஜாக்கியால் தூக்கட்டும். ஒவ்வோர் அங்குலம் ஏறும்போதும் சட்டத்துக்கு அடியில் மரக்கட்டையோ ஸ்டெப்னியோ தள்ளிக்கொண்டே வர வேண்டும், இரண்டாவது தடவை இறங்காமல் இருக்க. தனியாக யாரும் காருக்கு அடியில் வேலை செய்யக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும், இல்லையென்றால் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம்.

அறிகுறி: இறக்கும்போது தகராறு

ஸ்டாண்டை எடுக்க, காரை முதலில் சற்றே உயர்த்த வேண்டும். ஸ்டாண்டின் தலை காரை விட்டு விலகாமல் நெம்பி இழுக்காதீர்கள். பல்லில் பாரம் இருக்கும் வரை கொண்டி விடாது, விடவும் கூடாது.

வால்வைத் திறந்தும் ஜாக்கி இறங்கவில்லை என்றால் வால்வை மேலும் மேலும் திறக்காதீர்கள். முழுக்கக் கழன்று எண்ணெய் பீறிட்டால் கார் ஒரே அடியாக விழும். அரைச் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. தண்டு துருப்பிடித்தோ வளைந்தோ சிக்கியிருக்கும். பக்கத்தில் ஸ்டாண்ட் போட்டுப் பாதுகாத்து, இன்னொரு ஜாக்கியால் எடையை வாங்கிக்கொண்டு, சிக்கியதை வெளியே எடுங்கள்.

இறக்குவதற்கு முன் காருக்கு அடியில் ஒரு பார்வை: கருவிகள், எண்ணெய்த் தட்டு, உள்ளே ஓடி ஒளிந்த பூனை. குழந்தைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதும்.

டயர் தரையைத் தொட்டதும் நட்டுகளை நட்சத்திர வரிசையில், அதாவது எதிரெதிராக இறுக்குங்கள். கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து இறுக்குவதுதான் சரி. பெரும்பாலான கார்களுக்கு அது 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். ஒரு நட்டு தளர்ந்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றி, சக்கரம் உட்காரும் முகத்தில் துருத் தூளோ மண்ணோ இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.